மேக்னட் கழட்டப் போன தாய்மாமன்

அவனியாபுரத்தில் சோணைமுத்து வீடு எது என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். புல்லர் சோணை வீடு என்று கேட்டால் குழப்பமே இல்லை. பைபாஸிலிருந்து இறங்கும் மூன்றாவது சந்தில் பச்சை கேட் போட்ட வீடு.

பட்டறையில் ஒரு சாமான் இன்னொன்றோடு இறுகிப்போய் வர மாட்டேன் என்று அடம் பிடித்தால், அதைக் கவ்வி இழுத்தெடுக்கிற கருவிக்குப் புல்லர் என்று பெயர். மெக்கானிக் எல்லோரிடமும் நாலைந்து இருக்கும். சோணைமுத்துவிடம் அறுபத்தொன்று இருந்தன. அவருக்கு அதுதான் தொழில், அது மட்டும்தான் தொழில். திருமங்கலத்திலிருந்து நாகமலை புதுக்கோட்டை வரை எந்தப் பட்டறையில் எது மாட்டிக்கொண்டாலும் அவருக்குப் போன் வரும். மொபெட்டின் பின்னால் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவார். கழட்டிக் கொடுப்பார். ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். பேரிங், பல்சக்கரம், மாவு மில் சக்கரம், ஒரு தடவை கல்யாண மாப்பிள்ளை ஒருவர் விரலில் இறுகிப்போன மோதிரம், எல்லாம் அவர் கையில் வந்திருக்கின்றன.

பதினேழு வயதில் வில்லாபுரத்தில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். எந்த என்ஜினைக் கொடுத்தாலும் அரை மணி நேரத்தில் பிரித்து வரிசையாகப் பரப்பிவிடுவார். திரும்ப மாட்டச் சொன்னால் கடைசியில் ரெண்டு நட்டு மிச்சம் கிடக்கும். பட்டறைக்காரர் ரெண்டு வருஷம் பொறுத்துப் பார்த்தார்.

"சோணை, இனிமே நீ பிரிக்க மட்டும் செய்யி. மாட்டுறத நாங்க பாத்துக்கிறோம்" என்றார்.

வேறு யாராவது என்றால் கூனிக்குறுகிப் போயிருப்பார்கள். சோணைமுத்து அதை வேலை நியமன உத்தரவு மாதிரி எடுத்துக்கொண்டார்.

அவருடைய முதல் புல்லரை லேத்தில் கடைந்து கொடுத்தவர் அன்னக்கொடி. ஐடிஐயில் தையல் பிரிவில் இடம் நிரம்பிவிட்டதால் டர்னர் பிரிவில் சேர்ந்து, படித்து முடித்து, லேத் பட்டறை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண். சோணைமுத்து காகிதத்தில் படம் போட்டுக்கொண்டு போய் நின்றார். அன்னக்கொடி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அளவு தப்பு."

"எப்படிங்க தப்பு? நானே அளந்தேன்."

"எதவச்சு அளந்தீக?"

"கண்ணால."

"போயி வெர்னியர் வச்சு அளந்துட்டு வாங்க."

சோணைமுத்து அப்படிப் பதினோரு தடவை போனார். பன்னிரண்டாவது தடவை புல்லருக்காகப் போகவில்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. இப்போது அன்னக்கொடிக்கு வீட்டுக்குப் பின்னாலேயே சொந்தமாக லேத் இருக்கிறது. அறுபத்தொரு புல்லரும் அவர் கையால் கடைந்தவைதான். ஒவ்வொன்றின் முதுகிலும் அன்னக்கொடி நம்பர் குத்தி வைத்திருப்பார்.

போன வருஷம் ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சோணைமுத்துவின் தங்கை சுபலட்சுமியின் பெண் குழந்தைக்குக் காதுகுத்து. டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டாரின் குலசாமி கோயில். பதினொன்றுக்கு முகூர்த்தம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், அந்த மடி சோணைமுத்துவுடையது. சீர்த்தட்டெல்லாம் முதல் நாளே தயார். ஒன்பது மணிக்கு வேன் வரும்.

காலை ஆறு மணிக்குப் போன் வந்தது. வில்லாபுரத்தில் பைக் பட்டறை வைத்திருக்கும் பீமாராவ்.

"சோணை அண்ணே, ஒரு மேக்னட் வரமாட்டேங்குது. பழைய டர்ட் பைக்கு. வந்து ஒரு பார்வ பாத்துட்டுப் போங்க."

புத்தகத்தில் ஃப்ளைவீல் என்று போட்டிருப்பதை மதுரைப் பட்டறைகளில் மேக்னட் என்றுதான் சொல்வார்கள். என்ஜினின் கிராங்க் என்கிற தண்டின் முனையில் உட்கார்ந்து சுற்றுகிற கனத்த சக்கரம். உள்பக்கம் காந்தத் துண்டுகள் ஒட்டியிருக்கும். அதற்குப் பின்னால் இருக்கிற காயில் என்கிற கம்பிச்சுருள்தான் ஸ்பார்க்குக்குக் கரண்ட் கொடுப்பது. காயில் கெட்டுவிட்டால் மேக்னட்டைக் கழட்டாமல் கை வைக்க முடியாது.

அன்னக்கொடி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னைக்கா?"

"மேக்னட்டு தான கொடி. பத்து நிமிஷம். குளிச்சுட்டே போறேன், வந்து வேட்டி கட்டுனா முடிஞ்சது."

பட்டறை வாசலில் ஸ்டாண்டில் நின்றது அந்த வண்டி. ஒல்லியான உடம்பு, உயர்ந்த மட்கார்டு, முள்முள்ளாக டயர். முப்பது வருஷத்துக்கு முந்தைய ஜப்பான் வண்டி, கோயம்புத்தூரில் யாரிடமோ வாங்கியது என்றார் பீமாராவ். வண்டிக்குச் சொந்தக்காரி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பெயர் மீனலோசனி. பல்கலைக்கழகத்தில் மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள், இருபத்தாறு வயது. ஓய்வு நாளில் மண்தரையில் வண்டி ஓட்டும் பந்தயங்களுக்குப் போவாள். ரெண்டு வாரத்தில் ஒரு பந்தயம் இருந்தது.

சோணைமுத்து டார்ச்சை அடித்துப் பார்த்தார். மேக்னட்டின் நடுவில் புல்லர் பிடித்துக்கொள்வதற்கென்று உள்மரை வெட்டியிருப்பார்கள். அந்த மரை அரைத்த மாவு போல இருந்தது. அது இடப்பக்கம் முறுக்கினால் இறுகுகிற இடது மரை. வழக்கமான வலது மரைப் புல்லரை வைத்து யாரோ முறுக்கியிருக்கிறார்கள். அது போதாதென்று விளிம்பில் நாலைந்து இடத்தில் சுத்தியல் தழும்பு.

யார் அடித்தது என்று சோணைமுத்து எந்தப் பட்டறையிலும் கேட்பதில்லை. கேட்டால் பாதிப் பேர் பொய் சொல்லுவார்கள், மிச்சப் பேர் சண்டைக்கு வருவார்கள், ரெண்டிலும் சாமான் கழன்று வரப்போவதில்லை. அன்றைக்கும் பேசாமல் பெட்டியைத் திறந்தார்.

பீமாராவ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீனலோசனிதான் வாயைத் திறந்தாள்.

"மரைய அழிச்சது பீமாண்ணே. சுத்தியல்ல அடிச்சது நான்."

பீமாராவ் தங்கள் சௌராஷ்டிர பாஷையில் அவளிடம் ஏதோ முணுமுணுத்தார். சோணைமுத்துவுக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனாலும் அர்த்தம் புரிந்தது.

"பரவாயில்லம்மா" என்றார். "ஆனா இனிமே அடிக்காத. உள்ள காந்தம் பசையிலதான் ஒட்டியிருக்கு. பேந்துருச்சுன்னா இந்த வண்டிக்கு வேற மேக்னட்டுக்கு எங்க போவ? கிராங்கும் கோணிக்கும்."

"வருமாண்ணே?"

"வராம?"

அந்த ஒரு வார்த்தையைத்தான் எல்லாப் பட்டறையிலும் சொல்லுவார். சொன்ன இடத்திலெல்லாம் வந்திருக்கிறது.

மரை போய்விட்டதால் வேறு வழி பார்த்தார். மேக்னட்டின் நடுப்பகுதி நல்ல கனம். அதில் மூன்று இடத்தில் துளை போட்டு, மரை வெட்டி, மூன்று போல்ட்டால் ஒரு தகட்டை மேலே பிடிக்க வேண்டும். தகட்டின் நடுவில் ஒரு பெரிய போல்ட். அதை முறுக்கினால் அது கிராங்க் முனையைத் தள்ளும், தகடு மேக்னட்டை இழுக்கும். துளை ஆழமாகப் போய்க் காயிலைத் தொட்டுவிடக் கூடாது என்று டிரில் முனையில் எட்டு மில்லிமீட்டரில் டேப் சுற்றிக்கொண்டார். மூன்று துளையும் சுத்தமாக விழுந்தன.

அதுவரை எல்லாம் சரி. பெட்டியில் நாற்பத்துநாலாம் நம்பர் தகடு இருந்தது. வைத்துப் பார்த்தார். அதன் துளைகளுக்கு நடுவே ரெண்டு மில்லி இடைவெளி கூடுதலாக இருந்தது. போல்ட் கொஞ்சம் சாய்ந்துதான் இறங்கும். மணி ஏழேகால். புதுத் தகடு கடைவதென்றால் வீட்டுக்குப் போய் அன்னக்கொடியிடம் நிற்க வேண்டும். பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டு வந்த ஆள். சரி, இழுத்துவிடும் என்று மாட்டினார்.

ஸ்பேனரின் பிடியில் ஒரு பைப்பைச் செருகி முறுக்கினார். அரைச் சுற்று போனது. இன்னும் கொஞ்சம். டிக்கென்று ஒரு சத்தம். சாய்ந்திருந்த போல்ட் ஒன்று தலை தெறித்து, மிச்சம் மேக்னட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

சோணைமுத்து பைப்பைக் கீழே வைத்துவிட்டு வாசல் படியில் போய் உட்கார்ந்தார். பீமாராவ் டீ வாங்கிவரச் சொல்லி அனுப்பினார். சாமான் அவரை ஏமாற்றவில்லை, அதுதான் அவருக்கு உறுத்தியது. சாய்கிறது என்று தெரிந்தே முறுக்கினார்.

டீ பாதி குடித்தபோது போன் அடித்தது.

"எங்க இருக்கீக?" அன்னக்கொடி.

"பட்டறையிலதான்."

"மணி ஏழே முக்கா. இன்னும் வரலையா?"

ஒரு நொடி யோசித்தார். மனைவியிடம் மறைத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை, பேசினாலும் அன்னக்கொடி நம்பப் போவதில்லை. "போல்ட்ட முறிச்சுப்புட்டேன் கொடி. நாப்பத்துநாலு ரெண்டு மில்லி பெருசு. அதவச்சே முறுக்கிட்டேன்."

அன்னக்கொடியின் குரலில் கோபம் இருந்தது, ஆனால் கேள்வி வேலையைப் பற்றி இருந்தது.

"இப்ப தொளைக்கும் தொளைக்கும் எம்புட்டு?"

"இருபத்தாறு இருக்கும்."

"இருக்குமா? வெர்னியர் வச்சீகளா, இல்ல கண்ணாலயா?"

சோணைமுத்து எழுந்து போய் வெர்னியரை வைத்துப் பார்த்தார். "இருபத்தாறு புள்ளி நாலு."

"மூணும் ஒண்ணு போல இருக்கா?"

மூன்றையும் அளந்தார். "ஒண்ணு போலதான்."

"முறிஞ்சத எடுத்து வைங்க. உங்க தங்கச்சி வீட்ல தாய்மாமன் வரலன்னு யாராச்சும் ஒரு வார்த்த சொன்னாக, அறுபத்தொண்ணையும் பழைய இரும்புக்குப் போட்டுருவேன்."

போன் வைக்கப்பட்டது. சோணைமுத்து டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். முகத்தில் பழைய தெளிவு வந்துவிட்டது. முறிந்த போல்ட்டை எடுப்பது அவருக்குப் பெரிய வேலையே இல்லை. நடுவில் சின்னதாகத் துளையிட்டு, எதிர்ப்பக்கம் திருகுகிற ஆணியை இறக்கித் திருகினார். திருகத் திருக மிச்சத் துண்டு புழு மாதிரி வெளியே வந்தது. மீனலோசனி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவள், "இத நான் எடுத்துக்கிறட்டாண்ணே?" என்று கேட்டு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

வேன் ஒன்பது மணிக்கே வந்தது, ஆனால் பட்டறை வாசலுக்கு. உள்ளே ஒன்பது சொந்தக்காரர்கள், சீர்த்தட்டுகள், ரெண்டு வாழைத்தார், மலை மாதிரி ஒரு மாலை. முன்னால் இருந்து அன்னக்கொடி இறங்கினார். அரக்குப் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, புடவைக்கு மேல் லேத்தில் வேலை பார்க்கும்போது போடும் நீலக் கோட்டு. கையில் துணியில் சுற்றிய தகடு இன்னும் சூடாக இருந்தது.

"பன்னெண்டு மில்லி கனம். மரையில எண்ணெய் விட்டுருக்கேன்" என்று கொடுத்தார். பிறகுதான் வண்டியைப் பார்த்தார், அப்புறம் மீனலோசனியைப் பார்த்தார். "நீதான் ஓட்டுறியா?"

"ஆமாக்கா."

"மண்ணுலயா? விழுந்துருக்கியா?"

"நெறைய."

அன்னக்கொடிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. கோபத்தைக் கொஞ்சம் மறந்தார்.

தகடு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. மூன்று போல்ட்டும் நேராக இறங்கின. சோணைமுத்து கிராங்க் முனையில் பழைய நட்டை ரெண்டு மரை மட்டும் ஏற்றித் தளர்வாக விட்டார். மேக்னட் விடுபடும்போது துப்பாக்கி மாதிரி தெறிக்கும், நட்டு இருந்தால் கீழே விழாமல் தாங்கிக்கொள்ளும். நடு போல்ட்டை முறுக்கினார். இறுகியதும் பித்தளைச் சுத்தியலால் போல்ட்டின் தலையில் நேராக ஒரு தட்டு. கால் சுற்று. இன்னொரு தட்டு. கால் சுற்று.

வரவில்லை.

வேனிலிருந்து ஹாரன் அடித்தது. அன்னக்கொடியின் சித்தப்பா ஒருவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மாப்ள, அங்க காதுகுத்து வச்சிருக்கு, ஞாபகம் இருக்கா?" என்று சத்தம் போட்டார்.

இதற்கு மேல் முறுக்கினால் என்ன ஆகும் என்று சோணைமுத்துவின் மணிக்கட்டுக்குத் தெரிந்தது. காலையில் அது சொன்னதை அவர் கேட்கவில்லை. இப்போது கேட்டார். ஸ்பேனரை எடுத்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"இப்ப இழுவையில நிக்கிது. இதுக்கு மேல ஆள் தேவையில்ல, நேரந்தான் தேவ. பீமா, உங்க வீட்டுல தலை காய வைக்கிற மெஷின் இருக்கா?"

"ஹேர் டிரையரா? எம் பொண்டாட்டிகிட்ட இருக்கு."

"அத நடுவுல புடிக்கணும். காமணி நேரம் புடி, காமணி நேரம் ஆற விடு. கை வச்சா தாங்குற சூடு இருக்கணும். தாங்கலன்னா நிறுத்திரு, காந்தம் கெட்டுரும், காயிலும் போயிரும்." மீனலோசனியைப் பார்த்தார். "நீயே புடி. சுத்தியலத் தொடாத. போல்ட்ட முறுக்காத."

"வராமப் போச்சுன்னா?"

"வந்துரும்மா. நான் அங்க சாப்பாட்டுக்கு உக்கார்றதுக்குள்ள வந்துரும்."

வேனில் ஏறியதும் அன்னக்கொடி நீலக் கோட்டைக் கழட்டி மடித்து வைத்தார். திருமங்கலம் தாண்டியதும், சட்டையைக் கழட்டிப் புதுச் சட்டை மாற்றிக்கொண்டிருந்த கணவரிடம் மெதுவாகக் கேட்டார்.

"நெசமாவே வருமா, இல்ல அந்தப் புள்ளைக்காகச் சொன்னீகளா?"

"வரும். உன் தகடு வளையல. நான் தொட்டுப் பாத்தேன்."

கோயில் வாசலில் பத்தே முக்காலுக்கு இறங்கினார்கள். சுபலட்சுமி ஓடி வந்து அண்ணன் கையைப் பிடித்தாள். விரல் இடுக்கிலெல்லாம் கருப்பு எண்ணெய். "ஏண்ணே, இன்னைக்காச்சும் கைய கழுவிட்டு வரக் கூடாதா?" என்று திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றினாள். சோப்புப் போட்டும் முழுதாகப் போகவில்லை.

சோணைமுத்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ரெண்டு வயசுக் குழந்தை மடியில் வந்ததும் மாமனின் மீசையைப் பிடித்து இழுத்தது. ஆசாரி கம்பியை எடுத்தார். அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பையில் போன் அதிர ஆரம்பித்தது. ரெண்டு கையும் குழந்தையை இறுக்கிப் பிடித்திருந்தன. முதல் காது முடிந்ததும் குழந்தை போட்ட கூச்சலில் ஆலமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. ரெண்டாவது காதுக்கு ஆசாரி, தகப்பன், ஒரு அத்தை மூன்று பேரும் சேர்ந்து தலையைப் பிடிக்க வேண்டியிருந்தது. போன் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்துவிட்டது.

குழந்தையைத் தங்கையிடம் கொடுத்த பிறகு போனை எடுத்துப் பார்த்தார். மீனலோசனி. திருப்பிக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. பீமாராவைக் கூப்பிட்டார். அவரும் எடுக்கவில்லை. வந்துவிட்டதைச் சொல்லக் கூப்பிட்டாளா, ஏதாவது உடைந்ததைச் சொல்லவா? பந்தியில் உட்கார்ந்தார். இலையில் கறி விழுந்தது, சோறு விழுந்தது. வேறு நாளாக இருந்தால் முதல் ஆளாகச் சாப்பிட்டு எழுகிற மனிதர், எலும்பை ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தார்.

பக்கத்து இலையிலிருந்த அன்னக்கொடி சொன்னார். "சாப்பிடுங்க. வளையலன்னு நீங்கதான சொன்னீக."

அப்போது போனில் ஒரு படம் வந்து விழுந்தது. தினசரித் தாள் மேல் மேக்னட் மல்லாந்து கிடந்தது. உள்ளே காந்தங்கள் வட்டமாக, ஒன்றுகூடப் பெயராமல். பின்னாலேயே மீனலோசனியின் குரல் வந்தது. கூட்டத்தின் சத்தத்தில் சோணைமுத்து போனைக் காதில் அழுத்திக்கொண்டார்.

"அண்ணே! சூடு சரியான்னு கேக்கத்தான் அப்பக் கூப்புட்டேன், நீங்க திருப்பிக் கூப்புட்டது டிரையர் சத்தத்துல கேக்கல. நான் டிரையர கீழ வச்சுட்டுத் தண்ணி குடிக்கத் திரும்புனேன். டமார்னு ஒரு சத்தம். பீமாண்ணே டயர் வெடிச்சிருச்சுன்னு வெளிய ஓடிட்டாரு. பாத்தா மேக்னட்டு நட்டுல வந்து நிக்கிது! தொட்டதும் கையோட வந்துருச்சு. காயில்ல ஒரு ஒயரு அந்துருக்கு, அம்புட்டுதான். கிராங்குல கீறல்கூட இல்லண்ணே!"

சோணைமுத்து போனை வைத்தார். எலும்பை எடுத்துக் கடித்தார். அன்னக்கொடி எண்ணெய் விரலால் அந்தப் படத்தைப் பெரிதாக்கித் தகட்டின் விளிம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"ம். வளையலதான்" என்றார். பரிமாறிக்கொண்டு வந்தவரிடம், "அண்ணே, இவுகளுக்கு இன்னுங் கொஞ்சம் கறி வைங்க" என்று சொன்னார்.

காயிலைச் சரி பண்ணி, மேக்னட்டைக் கிராங்கில் நகராமல் நிறுத்துகிற, உடைந்திருந்த சின்ன லாக் ஒன்றையும் மாற்றி, பீமாராவ் வண்டியை மறு வாரமே ஓட வைத்துவிட்டார். பந்தயத்துக்குப் புல்லர் அண்ணனும் அக்காவும் கட்டாயம் வர வேண்டும் என்று மீனலோசனி நேரில் வந்து கூப்பிட்டாள்.

நாகமலைக்கு அப்பால் ஒரு காய்ந்த நிலத்தில் டயர்களை அடுக்கித் தடம் போட்டிருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இருபத்தெட்டு வருஷத் தொழிலில், தான் கழட்டிக் கொடுத்த ஒன்று மறுபடி மாட்டப்பட்டு ஓடுவதைச் சோணைமுத்து ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை. அதற்குள் அடுத்த பட்டறைக்குப் போயிருப்பார். அன்றைக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கயிற்றோரம் போய் நின்றார்.

ஒன்பது வண்டிகள் கிளம்பின. புழுதியில் எது யார் என்றே தெரியவில்லை.

"நம்மது எதுங்க?" என்றார் அன்னக்கொடி.

"அந்தா, கீச்சுனு கத்திக்கிட்டு வருது பாரு."

மூன்றாவது சுற்றில் மீனலோசனி ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போது சறுக்கி விழுந்தாள். அன்னக்கொடி, "ஆத்தி!" என்று கணவரின் தோளைப் பிடித்தார். மீனலோசனி எழுந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினாள். கிக்கரை உதைத்தாள். என்ஜின் பிடிக்கவில்லை. சோணைமுத்து தன்னையறியாமல் வலது காலைத் தரையில் ஓங்கி மிதித்தார். ரெண்டாவது உதையில் வண்டி கத்திக்கொண்டு கிளம்பியது.

கடைசியில் அவள் ஐந்தாவதாக வந்தாள். தலைக்கவசத்தைக் கழட்டியதும் முகம் முழுக்கச் செம்மண், பல் மட்டும் வெள்ளை. நேராக அவர்களிடம்தான் வந்தாள்.

"அண்ணே, அடுத்த தடவ மூணாவதுக்குள்ள வருவேன்."

"வராம?" என்றார் சோணைமுத்து.

அன்னக்கொடி பையிலிருந்து வெள்ளரிப் பிஞ்சை எடுத்து மூன்று பேருக்கும் கொடுத்தார். நின்றபடியே கடித்துக்கொண்டு, அந்த மேட்டில் எந்தப் பக்கமாக இறங்கியிருந்தால் விழுந்திருக்க மாட்டாள் என்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.